முன்வரிசைக்கு ஓர் ஆள்

வுனிமாசி
9 பிப்ரவரி 1995

அன்புள்ள அக்கா உனாய்சிக்கு,

அபிசாய் எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இடது முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தென்னையிலிருந்து விழுந்த அத்தான் ஜோப்பே இப்போது கோல் இல்லாமல் நடக்கிறாரா? உங்கள் மருந்து நிலையத்தில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் எப்படி? உங்கள் எல்லோர் நலத்தையும் எழுதுங்கள்.

செய்திக்கு வருகிறேன். உங்கள் தம்பி கோச் ஆகிவிட்டான். வுனிமாசி வட்டாரக் கால்பந்து அணிக்கு.

பத்தொன்பது வருஷம், பத்து அணி. சுவா, நாந்தி, போர்ட் விலா, நூமேயா, ஆக்லாந்து, பிரிஸ்பேனில் மட்டும் மூன்று, அப்புறம் பேர் சொன்னால் உங்களுக்குத் தெரியாத இரண்டு. எங்கேயும் மூன்றாவது வருஷம் என்னை வைத்துக்கொண்டதில்லை. எங்கிருந்தும் கெட்ட பெயரோடு கிளம்பியதும் இல்லை. ஆடுவது போதும் என்று முழங்கால் சொன்னபோது, அடுத்து என்ன என்று யோசிக்கக்கூட நேரம் கொடுக்காமல் இந்த வேலை வந்தது.

அணித் தலைவர் அப்பல்சாமி, ஆணி, பெயின்ட் எல்லாம் விற்கும் பெரிய கடைக்காரர். நம் மொழியை என்னைவிட நன்றாகப் பேசுகிறார். "ஒன்ன எதுக்கு எடுக்கறேன் தெரியுமா? பத்து கோச்சுங்க கிட்ட திட்டு வாங்கினவன் நீ. அந்தப் பத்துப் பேர் படிப்பும் ஒன் தலையில இருக்கும்" என்றார்.

முதல் நாளே பையன்கள் என்னைச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று பந்தை வைத்து, உதைத்துக் காட்டச் சொன்னார்கள். முதல் இரண்டும் கோலியைத் தாண்டிப் போயின. மூன்றாவது கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்திருந்த பாய்க்குப் போய் அவர்கள் குடித்துக்கொண்டிருந்த யங்கோனா பானச் சட்டியைக் கவிழ்த்தது. அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

போன வருஷம் இவர்கள் கடைசிக்கு முந்தின இடம். இந்த வருஷம் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் இருந்தால் போதும் என்கிறார்கள். நான் முதல் நான்கில் கொண்டுவந்து நிறுத்துவேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரக்பி உலகக் கோப்பைக்கு நம் நாடு இந்த முறை தகுதி பெறவில்லை. அதனால் சொந்தக்காரர்கள் யாரும் 'ஆம்பளைங்க ஆட்டத்த விட்டுட்டு' என்று ஆரம்பிக்க முடியாது.

நேரில் இருந்தால் உங்களிடம் இவ்வளவு வாயாடியிருக்க முடியாது. வயசுக்கு வந்த அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்று நம் பக்கத்தில் வழக்கம் வைத்தவர்களுக்குத் தபாலைத் தடுக்கத் தோன்றவில்லை. அது நம் அதிர்ஷ்டம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உங்கள் அன்புத் தம்பி,
அபிசாய்


நவுகா, தவெயுனித் தீவு
2 மார்ச் 1995

அன்புள்ள தம்பி அபிசாய்க்கு,

கப்பல் ஒரு வாரம் தாமதம். அதனால் உன் கடிதமும் தாமதம். நாங்கள் எல்லோரும் சுகம். அத்தான் கோலைத் தூக்கிப் போட்டுவிட்டார். தென்னைப் பக்கம் போக மட்டும் நான் விடவில்லை. காய்ச்சல் இந்த மாதம் குறைவு. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருக்காதே.

நீ கோச் ஆனது எனக்குச் சந்தோஷம். அம்மா இருந்திருந்தால் தேவாலயத்தில் எழுந்து நின்று சொல்லியிருப்பாள். நான் மருந்து நிலையத்துக்கு வந்தவர்களிடம் சொன்னேன். ஊசிக்குப் பயந்த ஒருவர் பேச்சில் மறந்து கையை நீட்டிவிட்டார்.

ஒரு சந்தேகம். பந்து எதிராளியிடம் இருக்கும்போது முன்வரிசையில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும்? நர்சிங் பள்ளியில் நான் கோலியாக நின்றவள். முதுகுப் பக்கம் இருந்துதான் அவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். அது சரிதானா? ரேடியோவில் ஆட்டம் கேட்கும்போது புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா உனாய்சி


வுனிமாசி
20 மார்ச் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து, எல்லோரும் நலம் என்று அறிந்தேன். நானும் நலம். ஒத்தடம் கொடுக்கிறேன், தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா வெந்நீர் வைத்துத் தருகிறார்.

மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி, ஒன்று சமம். அப்பல்சாமி கடை வாசலில் அணியின் கொடியைக் கட்டிவிட்டார்.

உங்கள் கேள்விக்குப் பதிலை நான் பிரிஸ்பேனில் காசில்லாமல் கற்றுக்கொண்டேன். அங்கே ஹங்கேரிக்காரக் கிழவர் ஒருவர் எனக்குக் கோச். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "பந்து வாங்கறப்ப மட்டும்தான் நீ வேல செய்யற. மிச்ச எம்பது நிமிஷம் டிக்கெட் இல்லாம மேட்ச் பாக்கற" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அதையே என் பையன்களிடம் நான் கண்டுபிடித்ததுபோல் சொல்கிறேன்.

அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். முன்வரிசை ஆள் பந்தைத் துரத்தக் கூடாது. பந்து வைத்திருப்பவர் சுலபமாகக் கொடுக்கக்கூடிய வழி எதுவோ, அதை அடைத்துக்கொண்டு நடக்க வேண்டும். ஓடக்கூட வேண்டாம். மெதுவாக ஓரத்துக்குத் தள்ள வேண்டும். மைதானத்தின் ஓரக் கோடு சோறு கேட்காத தடுப்பு ஆட்டக்காரன். அங்கே போய் மாட்டிக்கொண்டவரிடமிருந்து பந்தைப் பிடுங்க வேண்டியதில்லை, அவரே கொடுத்துவிடுவார்.

என் முன்வரிசையில் தேவ்சரண் என்று ஒருவன். சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கால் சும்மா இருக்காது. அவனை என் அச்சில் வார்த்துக்கொண்டிருக்கிறேன். கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, தடுப்பவனைத் தோளால் தாங்கி, பந்தை வாங்கி, திரும்பி, உதைப்பது. நூற்று நாற்பத்து மூன்று கோலில் பாதிக்கு மேல் எனக்கு அப்படித்தான் வந்தது. இன்னும் இரண்டு மாதத்தில் அவன் இன்னொரு அபிசாயாக நிற்பான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
அபிசாய்


நவுகா
14 ஏப்ரல் 1995

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். நாங்கள் நலம். அத்தான் உன் அணி வென்ற ஆட்டத்தைக் கேட்டு, பேட்டரி தீரும்வரை ரேடியோவை அணைக்கவில்லை.

ஓரக் கோட்டைப் பற்றி நீ எழுதியது மிகவும் பயன்பட்டது. புரிந்துகொள்ளப் பயன்பட்டது என்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். முன்வரிசையில் நிற்பவர் குள்ளம், ஆனால் படு வேகம் என்றால் அவரை எப்படி ஆட வைப்பது? தோளால் தாங்குவது அவரால் ஆகாது, கீழே தள்ளிவிடுகிறார்கள்.

உன் தேவ்சரண் என்ன உயரம்? நீ அதை எழுதவில்லை.

மருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியை வெட்டிச் சுத்தம் செய்துவிட்டோம். இப்போது பார்க்க அழகாக இருக்கிறது. கொசுவும் குறையும்.

அன்புடன்,
அக்கா


வுனிமாசி
6 மே 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

தொடர்ந்து மூன்று தோல்வி. ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். மழையில் மைதானம் சேற்று வயல். ரெஃபரிக்கு ஒரு கண் எதிரணிப் பக்கமே இருந்தது. இது எல்லா அணிக்கும் வரும் சளி மாதிரி, தானாகவே போய்விடும். அப்பல்சாமி கொடியை அவிழ்த்து உள்ளே வைத்திருக்கிறார், மழையில் சாயம் போகிறதாம்.

தேவ்சரண் என் தோள் உயரம். திரும்பும்போது விழுந்துவிடுகிறான். பயிற்சி போதவில்லை. கூடுதலாக ஒரு மணி நேரம் அவனை மட்டும் வைத்துத் தோளால் தாங்கப் பழக்குகிறேன்.

நீங்கள் கேட்ட குள்ளமான, வேகமான ஆளுக்கு வருகிறேன். அது மிகச் சுலபம். அவர் காலுக்குப் பந்தைக் கொடுக்கவே கூடாது. முதுகைக் காட்டி நிற்க வைப்பது அவருக்குச் செய்யும் பாவம். முகத்தைக் கோல் பக்கம் வைத்து நிற்கட்டும். தடுப்பவர்களின் பின்னால் காலியாகக் கிடக்கும் இடத்துக்குப் பந்தை உதைக்கச் சொல்லுங்கள். அவர் ஓடி எடுத்துக்கொள்வார். பந்தயத்தில் ஜெயிக்கிறவரை மல்யுத்தத்துக்கு அனுப்பலாமா?

உங்களுக்கு இவ்வளவு ஆர்வம் வந்திருப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உங்கள் தம்பி,
அபிசாய்


நவுகா
28 மே 1995

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உனக்குச் சளி என்று நீ எழுதவில்லை, அணிக்குத்தான் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் இஞ்சி போட்டுக் குடி.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதை உனக்கே திருப்பி அனுப்பலாமா என்று நினைத்தேன். எனக்கு அது வேண்டும் என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முதுகைக் காட்டி நிற்க வைப்பது பாவம் என்று ஆறாவது வரியில் நீ எழுதியிருக்கிறாய். அதற்கு மேலே மூன்றாவது வரியில், உன் தோள் உயரமே உள்ள ஒருவனைத் தினமும் ஒரு மணி நேரம் அப்படி நிற்க வைக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய்.

உன் வேலையில் நான் தலையிடுவது நம் வழக்கம் இல்லை. கூடப் பிறந்தவனுக்குப் புத்தி சொன்னாள் என்று யாரும் பேச வேண்டாம். ஆனால் நீ அபிசாயை ஏற்கெனவே ஒரு முறை ஆடி முடித்துவிட்டாய். அந்தப் பையன் தேவ்சரணாக ஆடட்டுமே.

கோபப்படாமல் பதில் எழுது.

அன்புடன்,
அக்கா


நவுகா
2 ஜூலை 1995

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இரண்டு கப்பல் வந்து போய்விட்டது. உன் கடிதம் இல்லை. அத்தான் இரண்டு முறையும் கப்பல் துறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். நாங்கள் நலம்.

சனிக்கிழமைகளில் ரேடியோவில் ஆட்டம் கேட்கிறோம்.

கார்னர் உதைக்கும்போது நம் பக்கம் உயரமான ஆட்கள் இல்லையென்றால் என்ன செய்வது? நேரம் கிடைக்கும்போது எழுது. அதற்கு மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அக்கா


ஆலைக் குடியிருப்பு, வுனிமாசி
23 ஜூலை 1995

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதித்ததற்கு மன்னிக்கவும். உடம்பு நன்றாகவே இருக்கிறது, முன்பைவிட இறுகியிருக்கிறது. வீடு மாறிவிட்டேன். இனிமேல் மேலே உள்ள முகவரிக்கு எழுதுங்கள். கரும்பு அரவை தொடங்கிவிட்டது. விடியும்போதே கரும்பு ரயில் சத்தம் எழுப்பிவிடுகிறது. ஊரே வெல்லப்பாகு மணக்கிறது.

கார்னருக்கு உயரம் தேவையில்லை. பந்தை மேலே தூக்காமல், கிட்டத்துக் கம்பத்தை நோக்கி இடுப்புக்குக் கீழே வருகிறமாதிரி உதைக்க வேண்டும். இரண்டு பேர் அந்தக் கம்பத்துக்குப் பாய்ந்து தடுப்பவர்களை இழுத்துக்கொண்டு போகட்டும். மூன்றாமவர் பின்னாலிருந்து ஓடி வந்து, வழியில் கிடைப்பதைத் தட்டிவிட வேண்டும். முதல் இரண்டு பேர் பந்தைத் தொடவே மாட்டார்கள். ஆனாலும் தொடப்போகிறவர்கள்போல் ஓட வேண்டும். அதற்குத்தான் நல்ல மனசு வேண்டும்.

நீங்கள் மே மாதம் எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் சொன்னதே சரி. தேவ்சரண் இப்போது கோலைப் பார்த்து ஓடுகிறான். ஆறு ஆட்டத்தில் ஏழு கோல். போன சனிக்கிழமை கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு பேரைத் தாண்டிப் பந்துக்கு ஓடி, கோலியைச் சுற்றிக்கொண்டு போய்ப் போட்டான். அணி ஐந்தாவது இடத்தில் நிற்கிறது. எல்லாம் நல்லபடியாக நடக்கிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
அபிசாய்


நவுகா
12 ஆகஸ்ட் 1995

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலம் என்று எழுதியதை நம்புகிறேன். மற்றதைப் பேசுவோம்.

வுனிமாசியின் புதிய கோச் பெயரை ஜூன் 17ஆம் தேதியே ரேடியோவில் சொன்னார்கள். அன்று அத்தான் ரேடியோவை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நீ எழுதும்வரை கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். கோச் யாரும் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்ப்பதில்லை, தம்பி. ஆலைக் குடியிருப்பில் யார் இருப்பார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். கரும்பு இறக்குகிறாய் என்று நினைக்கிறேன். உழைப்பில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

நீ மறைத்தாய் என்று குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் மறைத்தேன். பிப்ரவரியிலிருந்து நான் எங்கள் பக்கத்துப் பெண்கள் அணிக்குக் கோச். பதினேழு பேர். பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள். வெற்றி பெறாமல் உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ரேடியோவின்மேல் பழி போட்டுக் கேள்வி கேட்டேன்.

ஊருக்குள் பெண்கள் அரைக்கால் சட்டையோடு நடக்கக் கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். மருந்து நிலையத்துப் புல்வெளி ஊருக்குள் சேருமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சேராது என்றார். எல்லோரும் சட்டைக்கு மேல் சுலுத் துணி கட்டிக்கொண்டு புல்வெளிவரை வருகிறார்கள். அங்கே அவிழ்த்துக் கோல் கம்பத்தில் கட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு வலை அதுதான். நல்ல கோல் விழுந்தால் யாராவது ஒருத்தியின் சுலுவைத் துவைக்க வேண்டும்.

உன் கடிதங்களை முன்வரிசையில் ஆடும் தோரிகா எல்லோருக்கும் படித்துக் காட்டுவாள். ரொட்டிக் கடை வைத்திருக்கிறாள். நீ எழுதிய குள்ளமான வேகக்காரி அவள்தான். 'டிக்கெட் இல்லாம மேட்ச் பாக்கற' என்பது இப்போது இங்கே வசவு. பள்ளிக்கூடச் சமையல்காரி அலுமிதா தன் புருஷனையே அப்படித் திட்டுகிறாள்.

ஓரத்துக்குத் தள்ளக் கற்றுக்கொண்டோம். எங்களுக்கு எதிராகக் கோல் போடுவது கடினம். நாங்கள் போடுவது அதைவிடக் கடினமாக இருக்கிறது. இதுவரை மூன்று ஆட்டம்: 0–0, 0–0, 0–1. நான் கோலியாக இருந்தவள், தடுக்கத் தெரியும். கோல் போடச் சொல்லிக்கொடுக்கக் கடிதம் போதவில்லை. செப்டம்பர் 28 முதல் 30 வரை லம்பாசாவில் வடக்கு மகளிர் கோப்பை.

எனக்கு முன்வரிசைக்கு ஒரு கோச் தேவை. நீ வருகிறாயா? கோச் நான். நீ எனக்குக் கீழே. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில்.

நாம் எப்படிப் பேசுவது என்று கவலைப்பட்டேன். அதற்கும் தோரிகாவே வழி சொன்னாள்: "தம்பி கிட்ட நேரா பேசக் கூடாதுன்னா எங்க கிட்ட சொல்லுங்கக்கா. நாங்க போய்ச் சொல்றோம். நடுவுல ரெண்டு வார்த்த நாங்களும் சேத்துக்குவோம்."

யோசித்து எழுது.

அன்புடன்,
அக்கா


ஆலைக் குடியிருப்பு, வுனிமாசி
24 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கரும்பு வண்டியின்மேல் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். 'எங்க அக்கா எனக்கு வேல கொடுத்திருக்காங்க' என்றேன். அவர் தனக்கும் கேட்கச் சொன்னார்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். உங்கள் மே மாதக் கடிதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. படித்தவுடன் கிழிக்கத்தான் கை போனது. கிழிக்கவில்லை. மறுநாள் பயிற்சியில் தேவ்சரணைக் கூப்பிட்டு, இத்தனை நாள் சொன்னதை எல்லாம் மறந்துவிட்டு ஓடச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நெஜமாவா கோச்? நான் எப்பவும் அப்படித்தான் ஆடுவேன், நீங்க வர்றதுக்கு முன்னாடி" என்றான். சனிக்கிழமை 3–0 என்று ஜெயித்தோம். அவனுக்கு இரண்டு.

ஞாயிறு முழுக்க நான் ராஜா. திங்கள் காலை அப்பல்சாமி கடைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "வியாழக்கெழமயே கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க அபிசாய். புது ஆளுக்கு வாக்கு கொடுத்தாச்சு. நீ சனிக்கெழம ஜெயிப்பன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் கண்ணில் வருத்தம் நிஜமாகவே இருந்தது. எழுந்து கை கொடுத்துவிட்டு வந்தேன்.

வேலை போவது எனக்குப் பழக்கம், அக்கா. உங்களிடம் சொல்ல முடியாமல் போனது அதனால் இல்லை. கற்றுக்கொண்ட வாரத்திலேயே கையிலிருந்து போய்விட்டது. நீங்கள் ஒரு மாதம் முன்னால் எனக்குக் கோச்சாக இருந்திருந்தால் போயிருக்காது. அதை எழுத வரவில்லை.

இப்போது உங்கள் நிபந்தனைக்கு: நீங்கள் கோச், நான் உங்களுக்குக் கீழே. சம்மதம். பத்து கோச்சுக்குக் கீழே இருந்தவன், பதினோராவது எனக்குப் பாரமில்லை. எதையும் தப்பவிடாமல் கவனிப்பவர் அந்தப் பதினோரு பேரில் நீங்கள்தான்.

செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன். தோரிகாவிடம் சொல்லுங்கள், தோளால் தாங்கச் சொல்ல மாட்டேன்.

உங்கள் தம்பி,
அபிசாய்


ஆலைக் குடியிருப்பு, வுனிமாசி
8 அக்டோபர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டியை எடுக்க வந்த இடத்திலிருந்து எழுதுகிறேன். பயணம் சுகம். நீங்களும் மற்றவர்களும் தீவுக்குப் பத்திரமாகத் திரும்பியிருப்பீர்கள். கோப்பையை மருந்து அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பீர்கள் என்று அலுமிதா பந்தயம் கட்டியிருக்கிறாள்.

நான்கு வாரம் ஒரே புல்வெளியில் நின்று, நாம் ஒரு வார்த்தை நேராகப் பேசவில்லை. தோரிகா ஓடி ஓடிச் சொன்னாள். அவள் சேர்த்துக்கொண்ட வார்த்தைகள் எவை என்று எனக்கு இன்னும் முழுக்கத் தெரியாது. 'ஒங்கள தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டு நிக்கச் சொன்னாங்க கோச்' என்பது நீங்கள் சொன்னது இல்லை என்று நம்புகிறேன்.

இறுதி ஆட்டத்தில் பெஞ்சின் அந்த முனையில் நீங்கள், இந்த முனையில் நான். நடுவில் ஆறு பெண்கள். நீங்கள் எழுதிக் கொடுத்தனுப்பிய இரண்டு சீட்டும் என் சட்டைப் பையில் இருக்கின்றன. முதல் சீட்டு, நாம் ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது: 'அவர்களின் வலது தடுப்புக்காரிக்கு மூச்சு வாங்குகிறது. தோரிகாவை அந்தப் பக்கம் மாற்றலாமா?' பத்தொன்பது வருஷம் முன்வரிசையில் நின்றவன் நான், அதைக் கவனிக்கவில்லை. நோயாளியின் மூச்சைப் பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு. மாற்றிய எட்டாவது நிமிஷம் 1–1.

அப்புறம் நான் ஒரு சீட்டு அனுப்பினேன். ஒரு தடுப்பு ஆளை இறக்குங்கள், பெனால்டிவரை தாக்குப்பிடிப்போம் என்று. எனக்குப் பயம் வந்துவிட்டது, அக்கா. இவ்வளவு தூரம் வந்தது போதும் என்று தோன்றிவிட்டது. உங்கள் பதில்: 'வேண்டாம். ஜெயிக்க வந்திருக்கிறோம்.' அதற்குள் நமக்கு ஒரு கார்னர். இரண்டு பேர் தொடாத பந்துக்காக உயிரைக் கொடுத்து ஓடினார்கள். பின்னாலிருந்து அலுமிதா வந்து முட்டியால் தள்ளினாள். முட்டி என்று அவள் ஒப்புக்கொள்வதில்லை. கால் என்கிறாள்.

இதுவரை நீங்கள் பார்த்தது. நீங்கள் பார்க்காததற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது, வடக்குத் தேர்வுக் குழுக்காரர் ஒருவர் நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தார். "அருமை கோச். டிசம்பர்ல வடக்கு மகளிர் அணிக்கு நீங்கதான் வரணும்" என்றார்.

ஒரு மூச்சு நேரம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கையையும் விடவில்லை. பத்து அணியில் ஆடியும் இப்படி யாரும் என்னைத் தேடி வந்து கேட்டதில்லை. அந்த ஒரு மூச்சை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால், ஜூலையில் எழுதிய கடிதம் மாதிரிதான் இதுவும் ஆகும்.

அப்புறம் சொன்னேன். "கோச் நான் இல்ல. அதோ, கழுத்துல விசிலோட ஒரு பொண்ணோட முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்களே, அவங்க."

"அவங்க நர்ஸ்னு நெனச்சேன்."

"நர்ஸும் அவங்கதான்."

அவர் முகம் சிவந்தது. நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டார். குழுவோடு பேசிவிட்டு எழுதுவதாகச் சொன்னார். கடிதம் நேற்று, அவர் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்ட இந்த முகவரிக்கே வந்தது; உங்கள் முகவரியைக் கேட்க மறந்துவிட்டார். பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். உறையின்மேல் உங்கள் பெயர்தான் இருக்கிறது. வடக்கு அணிக்குக் கோச்சாக உங்களை அழைத்திருப்பார்கள்.

ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொண்டால் முன்வரிசைக்கு உங்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கும். கீழே இருப்பதை விண்ணப்பமாகக் கருதவும்.

பெயர்: அபிசாய். வயது: முப்பத்தேழு. ஆடிய அணிகள்: பத்து. கோச்சாக இருந்த காலம்: நான்கு மாதம். கோச்சுக்குக் கீழே இருந்த காலம்: நான்கு வாரம். அதில் கற்றது அதிகம். விசாரிக்க வேண்டியவர்: தோரிகா, ரொட்டிக் கடை.

அத்தானுக்கு வணக்கம். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி,
அபிசாய்


நவுகா
17 அக்டோபர் 1995

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தானும் நலம். அலுமிதா பந்தயத்தில் ஜெயித்துவிட்டாள்.

குழுவுக்குச் சம்மதம் எழுதிவிட்டேன். முன்வரிசைக்கு வந்தது ஒரே விண்ணப்பம். தோரிகாவை விசாரித்தேன், தொப்பையைத் தவிரக் குறை ஒன்றும் சொல்லவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாலும் நான் குனிந்தே இருக்கவில்லை. அவர் உன் கையைப் பிடித்ததையும் பார்த்தேன். நீ விடாமல் நின்றதையும் பார்த்தேன். பிறகு நீ என் பக்கம் கையைக் காட்டியதையும் பார்த்தேன். அந்த நடுவிலிருந்த நேரத்தை நீ எழுதுகிறாயா என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஏறு. சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி.

உனாய்சி
கோச்